ஜிம்ப் 3.0: பாட்டும் நினைவும் கலந்த முகப்படத்துக்கு எந்த அளவு கைகொடுக்கும்?

ஒருவரின் முகம், அவர் மனத்தில் தங்கிப்போன ஒரு பாட்டு, பழைய ஆல்பத்தில் கிடந்த ஒரு படம். மூன்றையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவரும் முகப்படங்களைப் பரிசாகவும் நினைவஞ்சலியாகவும் இசைத்தொகுப்பின் அட்டையாகவும் பலர் செய்து பார்க்கிறார்கள். அந்த ஒரு வேலையை மட்டும் மனத்தில் வைத்து இலவசப் படத்திருத்த மென்பொருளான ஜிம்ப் 3.0-ஐ எடைபோடுகிறது இந்த மதிப்புரை. சிவப்புக் கண்ணைத் திருத்துவது, பின்னணியை வெள்ளையாக்குவது போன்ற பொதுவேலைகள் இங்கே கணக்கில் இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நிறத்தைப் பழசாக்குவது, இரட்டைப் பதிவு (ஒரு படத்தின் மேல் இன்னொன்றைப் படியவைப்பது), ஒலியலையை உருவத்தோடு இணைப்பது ஆகியவற்றுக்கு இந்த மென்பொருளைத் தாராளமாக நம்பலாம். தலைமுடியைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பதிலும், ஒரே லேயரை (படத்தின் ஓர் அடுக்கை) பலமுறை அளவு மாற்றுவதிலும் பொறுமையைச் சோதிக்கும். இலவசம் என்பதற்காக அந்தக் குறைகளைப் பெரிதுபடுத்தாமல் விட வேண்டியதில்லை.

முந்தைய 2.10 பதிப்பு வந்தது 2018 ஏப்ரலில்; 3.0 வந்தது 2025 மார்ச்சில். இடையில் ஏழு ஆண்டுகள். அந்த இடைவெளியில் வந்த மாற்றங்களில் நம் வேலைக்குப் பெரியது ஒன்றுதான்: பெரும்பாலான ஃபில்டர்கள் (மங்கலாக்குவது, நிறம் மாற்றுவது போன்ற விளைவுகள்) இப்போது லேயரோடு நிரந்தரமாகக் கலந்துவிடுவதில்லை. மங்கலாக்கும் பிளர் ஃபில்டரைப் போட்டால் லேயரின் பெயருக்குப் பக்கத்தில் ‘எஃப்எக்ஸ்’ என்ற சிறு குறி முளைக்கிறது. அதைத் தட்டினால் போட்ட ஃபில்டர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். கண் குறியால் அணைக்கலாம், மறுபடி திறந்து எண்களை மாற்றலாம், மேலே கீழே நகர்த்தலாம். ஜிம்பின் சொந்த வகையான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்தால் அடுத்த வாரம் திறந்தாலும் அப்படியே இருக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், இந்த வகைப் படத்தில் எதுவும் தனியாக அமைவதில்லை. பழைய படத்தின் மங்கல் கூடினால் முகம் அமுங்கும். முகத்தைத் தூக்கினால் ஒலியலை ஒட்டவைத்ததுபோல் துருத்தும். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் திருத்தியாக வேண்டும். 2.10-இல் இதற்காகவே ஒவ்வொரு படிக்கும் ஒரு நகல் லேயரை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஃபோட்டோஷாப்பில் இருப்பதுபோன்ற தனி அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (கீழே உள்ளவற்றின் நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றும் அடுக்கு) இதில் கிடையாது. அதற்கு மாற்று, லேயர்களை ஒரு குழுவாகச் சேர்த்து அந்தக் குழுவுக்கே கர்வ்ஸ் (வெளிச்சத்தையும் நிறத்தையும் வளைகோட்டால் மாற்றும் கருவி) போடுவது. குழுவுக்குள் இருப்பவை மட்டும் மாறும். பழகிவிட்டால் இதுவே வசதி, ஏனென்றால் இந்தப் படங்களில் ‘நினைவு’ லேயர்களுக்கு ஒரு நிறமும் முகத்துக்கு வேறு நிறமும் தேவைப்படுகிறது. குழுவாகப் பிரித்துவைக்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

தொடங்கும் முன் இரண்டு கணக்குகள்

20 × 30 சென்டிமீட்டர் அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால், 2362 × 3543 பிக்சல் வேண்டும். 8 பிட்டில் (ஒரு நிறத்துக்கு 256 படிகள் மட்டும்) வேலை செய்யாதீர்கள். இருண்ட கன்னத்தின் மேல் மங்கலான இன்னொரு படம் படியும்போது தொனி மெதுவாக இறங்க வேண்டும். 8 பிட்டில் அது படிக்கட்டாக உடையும். இமேஜ் மெனுவில் 16 பிட் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும். அதற்கு விலை நினைவகம். இந்த அளவில் ஒரு லேயர் 16 பிட்டில் சுமார் 67 எம்பி. 32 பிட்டில் அதன் இரட்டிப்பு. இருபது லேயர் சேர்ந்தால் 16 பிட்டிலேயே 1.3 ஜிபியைத் தாண்டும், மாஸ்க்குகளும் (லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் திரைகள்) ஃபில்டர் கணக்குகளும் தனி. பிரிஃபரன்சஸில் சிஸ்டம் ரிசோர்சஸ் பகுதியில் டைல் கேஷ் (ஜிம்புக்கு ஒதுக்கும் நினைவகம்) அளவு குறைவாக இருந்தால் நிரல் வட்டைப் பயன்படுத்தத் தொடங்கி ஊர்ந்துபோகும். கணினியின் ரேமில் பாதிக்கு மேல் அதற்குக் கொடுத்துவிடுங்கள்.

கேமராவின் ரா கோப்பை (பதப்படுத்தாத மூலப் பதிவை) ஜிம்ப் நேரடியாகத் திறக்காது. ரா கோப்பைத் திருத்தும் டார்க்டேபிளோ ராதெரபியோ நிறுவியிருந்தால் அதன் வழியாக உள்ளே வரும். முகத்தின் அடிப்படை வெளிச்சத்தை அங்கேயே சரிசெய்துகொண்டு வருவது நல்லது.

பழைய அச்சுப்படத்தை 600 புள்ளியில் ஸ்கேன் செய்யுங்கள். 9 × 13 சென்டிமீட்டர் படம் 2126 × 3071 பிக்சலாக வரும். நம் அளவுக்குக் கொஞ்சம் நீட்டினால் போதும். சொரசொரப்பான தாளில் அச்சான பழைய படங்களில் ஸ்கேனர் விளக்கு பட்டுத் தேன்கூடு போன்ற புள்ளிகள் மினுக்கும். அதே படத்தை 180 பாகை திருப்பி இன்னொரு முறை ஸ்கேன் செய்து, நிமிர்த்தி, மேல் லேயராக வைத்து ஒப்பாசிட்டி (ஒளிபுகாத அளவு) 50% கொடுங்கள். இரண்டிலும் மினுக்கு எதிரெதிர்ப் பக்கம் விழுவதால் பெரும்பகுதி அடங்கிவிடும். இரண்டையும் பிக்சல் கணக்காகப் பொருத்த வேண்டும், இல்லையென்றால் படமே மங்கும். பொருத்தும்போது மேல் லேயரை ஒப்பாசிட்டி 100%-இல் டிஃபரன்ஸ் மோடில் (இரு லேயர்களின் வேறுபாட்டைக் காட்டும் கலப்பு முறை) வைத்தால் சரியாக அமர்ந்த இடம் கறுப்பாகத் தெரியும்.

இரட்டைப் பதிவு

ஃபிலிமில் ஒரே சட்டத்தை இருமுறை வெளிச்சத்துக்குக் காட்டியது நினைவைக் காட்டும் பழைய உத்தி. ஜிம்பில் அதற்கு நெருக்கமானது ஸ்கிரீன் மோட். வெள்ளையின் மேல் எதை வைத்தாலும் வெள்ளை; கறுப்பின் மேல் எதை வைத்தாலும் அது முழுசாகத் தெரியும். ஆகவே முகப்படத்தின் இருண்ட பகுதிக்குள்தான் நினைவு குடியேறும். எடுக்கும்போதே இதற்கேற்ப எடுக்க வேண்டும்: பக்கவாட்டு முகம், பின்னால் வெளிச்சமான சுவர், முகத்தில் நேர் வெளிச்சம் குறைவு. பின்னணி 95 சதவீத வெளுப்புக்கு மேல் இருக்கட்டும். 80-இல் நின்றால் இரண்டாவது படத்தின் பேய் உருவம் தலைக்கு வெளியிலும் தெரியும். லெவல்ஸில் (கறுப்பு, வெள்ளை எல்லைகளை மாற்றும் கருவி) வெள்ளை முனையை இழுத்துச் சரிசெய்யலாம்.

முகத்தை முழுக்கறுப்பாக்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அப்போது வடிவம் மட்டும் மிஞ்சும், ஆள் யாரென்று தெரியாது. கண், மூக்கின் பக்கம், உதடு ஆகியவை 25 முதல் 30 சதவீத வெளிச்சத்தில் நிற்கட்டும். நெற்றி, தலைமுடி, கழுத்து இன்னும் இருளலாம். அங்கேதான் இரண்டாவது படம் படரும். அந்தப் படத்தின் வெளிறிய பகுதி நெற்றி, மூக்கு, தாடை விளிம்பில் விழுந்தால் முகத்தின் கோடே அறுந்துபோகும். இரண்டாவது லேயரை நகர்த்தி, விளிம்பில் அதன் இருண்ட பகுதி அமையும்படி பாருங்கள். நகர்த்தி முடியாவிட்டால் மாஸ்க்கில் மென்தூரிகையால் அந்த விளிம்பை மட்டும் பாதியளவு மறையுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் பழைய ஜிம்ப் பாடங்களைப் பார்த்துச் செய்தால் விளைவு வேறாக வருகிறதே என்று குழம்புபவர்கள் உண்டு. 2.10 முதல் மோட்களின் கணக்கு மாறிவிட்டது. மோட் பட்டியலுக்குப் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானில் ‘லெகசி’ என்று மாற்றினால் பழைய கணக்கு திரும்பும். இன்னொரு திருகாணியும் இருக்கிறது. லேயரை வலது சொடுக்கினால் வரும் பிளெண்ட் ஸ்பேஸில் லீனியர், பர்செப்சுவல் என்ற வழிகள் உண்டு. ஒளியைக் கூட்டும் ஃபிலிம் தன்மை லீனியரில் வரும். கண்ணுக்கு மென்மையான கலவை பர்செப்சுவலில் வரும். இரண்டையும் மாற்றிப் பார்க்க ஒரு நொடிதான். பலரும் தொடாத இந்த அமைப்பு, ஸ்கிரீன் கலவையின் தோற்றத்தையே மாற்றிவிடும்.

பாட்டு எங்கே?

முகத்தைச் சுற்றி சுரக்குறி பறக்கவிடும் தூரிகைகள் இலவசமாகக் கொட்டிக்கிடக்கின்றன. தவிர்த்துவிடுங்கள். எந்தப் பாட்டுக்கும் பொருந்துவது அந்தப் பாட்டைச் சொல்லாது. அந்தக் குறிப்பிட்ட பாட்டின் ஒலியிலிருந்தே உருவத்தை எடுக்க முடியும்போது வேறெதற்கு?

ஒலியலையைப் படமாக்கும் வேலையை ஜிம்ப் செய்யாது, வெளியே செய்துகொண்டு வர வேண்டும். ஒலித்திருத்த மென்பொருளான ஆடாசிட்டியில் பாட்டைத் திறந்து வேண்டிய துண்டை வெட்டலாம். தேர்வு செய்தபின் ‘இசட்’ விசையை அழுத்தினால் இரு முனைகளும் அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் போய் நிற்கும். பிற்பாடு இது பயன்படும். ஆனால் அதன் திரையைப் படம்பிடித்தால் திரையின் அகலம்தான் கிடைக்கும், அச்சுக்குப் போதாது. கட்டளை தட்டி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் நிரலில் ‘ஷோவேவ்ஸ்பிக்’ என்ற ஃபில்டர் வேண்டிய அகலத்தில் அலையைப் படமாக எழுதித் தரும். அகலம் 6000, உயரம் 800 என்று கொடுத்துப் பாருங்கள். ஸ்டீரியோவை முதலில் மோனோவாக மாற்றிவிட்டால் இரண்டு தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாது.

முழுப் பாட்டையும் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். கணக்கைப் பாருங்கள். மூன்று நிமிடப் பாட்டில் நொடிக்கு 44,100 வீதம் கிட்டத்தட்ட 79 லட்சம் மாதிரிகள். 6000 பிக்சலுக்குள் அடைத்தால் ஒரு பிக்சலுக்கு 1300-க்கு மேல். தனித்தனி அதிர்வு எதுவும் தெரியாது. அண்மைக் காலப் பதிவுகளில் ஒலியளவை மேலேயே நெருக்கி வைத்திருப்பதால் செங்கல் வைத்ததுபோல் ஒரே பட்டையாகத் தெரியும். ஆறு நொடி எடுத்தால் பிக்சலுக்கு 44 மாதிரிதான், அலை மூச்சுவிடும். குரல் நுழையும் இடம், தாளம் நின்று மறுபடி விழும் இடம், கடைசிச் சொல் தேய்ந்து மறையும் இடம் என மௌனமும் ஒலியும் கலந்த துண்டே படத்துக்கு உகந்தது.

ஒலியலை காட்டுவது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே. மெட்டு அதில் தெரியாது. மெட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்கள் ஒலிக்கின்றன என்று காட்டும் படம்) வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கின் ‘ஷோஸ்பெக்ட்ரம்பிக்’ அதைத் தரும். ஆடாசிட்டியிலும் தடத்தின் மெனுவில் அந்தக் காட்சி உண்டு. குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் இடங்கள் இணைகோடுகளாக வளைந்து ஓடுவது அதில் அப்படியே தெரியும். முழு வீச்சு 22,050 ஹெர்ட்ஸ் வரை போவதால் பாட்டின் முக்கியப் பகுதி அடியில் ஒடுங்கிக் கிடக்கும். கீழிருந்து கால்பங்கை மட்டும் வெட்டியெடுத்தால் சுமார் 5,500 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும், அதுவே போதும். கறுப்பு வெள்ளையாக்கி, முடியின் இருளில் ஸ்கிரீன் மோடில் வைத்தால் மயிரிழைகளோடு இந்தக் கோடுகள் கலந்துபோகும்.

வட்டமாக்குவது ஜிம்ப் நன்றாகச் செய்யும் வேலை. டிஸ்டார்ட்ஸ் பட்டியலில் போலார் கோஆர்டினேட்ஸ் என்ற ஃபில்டர், கிடையாக ஓடும் அலையைச் சுழற்றி வளையமாக்கிவிடும். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் இசைத்தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 நொடி எடுக்கிறது. அந்த 1.8 நொடியை மட்டும் வெட்டி வளையமாக்கினால், தட்டு ஒருமுறை சுற்றும் நேரத்தில் ஊசி படித்த ஒலி முழுவதும் அந்த ஒரு வளையத்தில் இருக்கிறது. பார்ப்பவருக்கு இது தெரியாமல் போகலாம். ஆனாலும் வளையத்துக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது.

வளையம் மங்கலாக வருவது இங்கே பொதுவான குறை. காரணம் எளிது. 4000 பிக்சல் சதுரத்தில் அலை 4000 பிக்சல் நீளம்தான். 1200 பிக்சல் ஆரத்தில் அது 7540 பிக்சல் சுற்றளவுக்கு இழுபடுகிறது. ஆகவே 8000 சதுரத்தில் செய்து பாதியாகக் குறையுங்கள். அப்போது 8000 பிக்சல் அலை 7540-க்குள் அடங்கும், கூர்மை கெடாது. உயரத்தில் நேர்மாறாகச் சுருங்கும்: 800 பிக்சல் உயரமான அலை கடைசியில் 200 பிக்சல் தடிமனாகும். ‘மேலிருந்து’ என்ற தேர்வு, பட்டையின் எந்த விளிம்பு வளையத்தின் நடுவுக்குப் போகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. அலை தலைகீழாக வந்தால் அதைத்தான் மாற்ற வேண்டும்.

இடது, வலது முனைகள் சந்திக்கும் இடத்தில் தையல் தெரியும். முன்பே பூச்சியத்தில் வெட்டியிருந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. லேயர் மெனுவின் டிரான்ஸ்ஃபார்மில் உள்ள ஆஃப்செட்டால் பாதி அகலம் நகர்த்தினால் தையல் நடுவுக்கு வந்துவிடும். அங்கே சரிசெய்துவிட்டு வட்டமாக்கலாம். இன்னொன்று, வளையத்தின் மையத்தைத் தலையின் மையத்தில் வைக்காதீர்கள். சாமி படத்து ஒளிவட்டமாகிவிடும். காதை மையமாக வைத்துப் பாருங்கள், கேட்பது என்ற பொருள் தானே வந்துவிடுகிறது.

எதிரொலி

இசையையும் நினைவையும் ஒரே அசைவில் சொல்லும் உத்தி ஒன்று உண்டென்றால் அது முகத்தின் எதிரொலி. செய்யவும் எளிது. இருண்ட பின்னணியில் எடுத்த முகத்தை மூன்று நகல் எடுங்கள். படத்தின் அகலத்தில் ஆறு சதவீதம், அதாவது 2362-க்கு 140 பிக்சல் வீதம், 140, 280, 420 என்று ஒரே பக்கமாகத் தள்ளுங்கள். ஒப்பாசிட்டி 50, 25, 12. ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. சம இடைவெளியில் வைத்தால் தாளம் தெரியும். இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் ஓட்டம் தெரியும். மனம்போன போக்கில் வைத்தால் கை நடுங்கி எடுத்த படம்போல் இருக்கும்.

மோட் லைட்டன் ஒன்லி. ஸ்கிரீன் வைத்தால் நகல்கள் ஒன்றன்மேல் ஒன்று கூடி முகத்தை வெளுக்கவைக்கும், முழுக்கறுப்பு அல்லாத பின்னணியும் சாம்பல் பூக்கும். லைட்டன் ஒன்லியில் இரண்டில் வெளிச்சமானது மட்டும் தங்குவதால் அந்தச் சிக்கல் இல்லை. நகல்களுக்கு காஸியன் பிளரும் ஏற்றுங்கள்: 3, 6, 12 பிக்சல். உண்மையான எதிரொலியும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. சுவரும் காற்றும் உயர் அதிர்வுகளை முதலில் உறிஞ்சிவிடுவதால் ஒவ்வொரு முறையும் ஒலி சற்று மழுங்கித் திரும்புகிறது. படத்தில் நுணுக்கம் மழுங்குவது அதற்கு இணை. முகம் பார்க்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் தள்ளினால் கடந்த காலம். பார்க்கும் திசையிலேயே தள்ளினால் எதிர்பார்ப்பு.

3.0 இங்கே உண்மையாகவே உதவுகிறது. மூன்று லேயரையும் ஒன்றாகத் தேர்ந்து நகர்த்தலாம், பிளர் எண்ணைக் கடைசி நிமிடத்திலும் மாற்றலாம். தள்ளிய லேயரின் ஓரம் செங்குத்துக் கோடாகத் தெரிந்தால், மாஸ்க்கில் கிரேடியன்ட் இழுத்து அந்த ஓரத்தை 200 பிக்சலுக்கு மெல்லக் கரையுங்கள்.

பழசின் நிறம்

நிழலில் நீலமும் வெளிச்சத்தில் மஞ்சளும் தூவும் தயார்நிலை வண்ணங்களைப் பழமை என்று விற்கிறார்கள். இருட்டில் ஆல்பத்துக்குள் கிடந்த பழைய கலர் அச்சுப்படம் அப்படி ஆவதில்லை. அதில் சயான் சாயம் பெரும்பாலும் முந்திக்கொண்டு மங்குகிறது. சயான்தான் சிவப்பு ஒளியை விழுங்குவது. அது போனால் நிழல்கள் செம்மையாகின்றன. வெள்ளைத் தாள் மெல்ல மஞ்சளிக்கிறது. சுவரில் வெளிச்சம் பட்டுத் தொங்கிய படத்தின் கதை வேறு. அங்கே மெஜந்தா முதலில் போகும்.

ஆகவே கர்வ்ஸில், 0–100 அளவில், சிவப்பின் கீழ்முனையை 10-க்கு ஏற்றுங்கள். நீலத்தின் மேல்முனையை 92-க்கு இறக்குங்கள். வேல்யூவின் (மொத்த வெளிச்சத்தின்) கீழ்முனையை 6-க்கு ஏற்றினால் கறுப்பு சாம்பலாகும். அதிகம் வேண்டாம். சிவப்பு 15-ஐத் தாண்டினால் இருட்டறை விளக்கில் எடுத்ததுபோலாகிவிடும்.

இதை நினைவுக் குழுவுக்கு மட்டும் போடுங்கள். முகத்துக்கும் சேர்த்துப் போட்டால் எல்லாமே பழசாகி, எது இன்று எது அன்று என்ற வேறுபாடு போய்விடுகிறது. முகத்தில் ஆழமான கறுப்பு இருக்கட்டும். துகள் மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம். துகள் தூவும் ஆர்ஜிபி நாய்ஸை மிகக் குறைவாகப் போட்டால் வெவ்வேறு கேமராவில் எடுத்த இரண்டு படங்கள் ஒரே தாளில் உட்காரும். ஃபில்டர்களின் வரிசையில் நாய்ஸ் பிளருக்குப் பிறகு வர வேண்டும், இல்லையென்றால் துகளும் மங்கி அழுக்குபோல் தெரியும்.

முடியும் முகத்தின் மேடுபள்ளமும்

ஃபோர்கிரவுண்ட் செலக்ட் கருவிதான் முடிக்கு இருப்பது. சுற்றிலும் பருமனாகக் கோடு போட்டு என்டர் தட்டுங்கள். முகத்தையும் உடலையும் ‘முன்னணி’ என்று தீட்டுங்கள். முடியின் விளிம்பு முழுவதையும் ‘தெரியாத பகுதி’ என்ற தூரிகையால் தாராளமாகப் பூசுங்கள். அங்கே கஞ்சத்தனம் பார்த்தால் இழைகள் வெட்டுப்படும். என்ஜினில் லெவின் மெதுவானது, ஆனால் முடிக்குத் திருத்தமானது. குளோபல் விரைவானது, எளிய பின்னணிக்குச் சரி. பின்னணி நெருக்கடியாக இருந்தால் இரண்டுமே தடுமாறுகின்றன, ஒரே சொடுக்கில் ஆளைப் பிரிக்கும் கட்டண மென்பொருள்களோடு போட்டியிட முடியாது.

ஆனால் முடியை வெட்டாமலே தப்பிக்கும் வழியை முதலில் யோசியுங்கள். வெளிறிய பின்னணியில் எடுத்த கறுத்த முடியை மல்டிப்ளை மோடில் (வெள்ளை மறைந்து இருள் மட்டும் படியும்) வைத்தால் மாஸ்க்கே தேவையில்லை, கீழே உள்ள படம் இழைகளுக்கிடையில் இயல்பாகத் தெரியும். இருண்ட பின்னணியில் வெளுத்த முடிக்கு ஸ்கிரீன். எடுக்கும்போதே சுவரைத் தேர்ந்தெடுத்தால் ஒரு மணி நேர வேலை மிச்சம்.

ஒலியலைக் கோடு முகத்தின் மேல் ஓட வேண்டுமானால் அது மேடுபள்ளத்தோடு வளைய வேண்டும். மேப் பட்டியலில் உள்ள டிஸ்பிளேஸ் இதைச் செய்யும். முகத்தின் கறுப்பு வெள்ளை நகல் ஒன்றை வரைபடமாகக் கொடுக்கிறோம். நடுச்சாம்பல் என்றால் நகராது, வெளுத்தால் ஒரு பக்கம், இருண்டால் மறுபக்கம். மங்கலாக்காத படத்தைக் கொடுத்தால் தோல் துளைகளையும் மேடாக எண்ணிக் கோடு கிழியும். ஆகவே அதற்கு 10 முதல் 15 பிக்சல் காஸியன் பிளர், முகத்தின் சராசரி நடுச்சாம்பலில் நிற்கும்படி லெவல்ஸ், பிறகு 20 முதல் 35 பிக்சல் நகர்வு. பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த முகம் ஏமாற்றும். நிழல்பட்ட கன்னம் உண்மையில் பள்ளமல்ல, ஆனால் ஃபில்டர் அதைப் பள்ளமாகவே எடுத்துக்கொள்ளும். அங்கே வரைபடத்தில் கையால் வெளுக்க வேண்டும். டிஸ்பிளேஸ் போடும் முன் கோட்டு லேயரின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு மாற்றம், திருப்பம் போன்றவை 3.0-இல் இன்னும் நிரந்தரம். மூல அளவைக் காத்துவைக்கும், ஃபோட்டோஷாப்பின் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் போன்ற ஏற்பாடு இல்லாததால் ஒரு லேயரைச் சிறிதாக்கிவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் நுணுக்கம் போனது போனதுதான். மூல அளவு நகலை எப்போதும் அணைத்து வைத்திருங்கள். இது உறுத்தினால் இன்னொரு இலவச மென்பொருளான கிரிட்டாவைப் பார்க்கலாம். அதில் மூலத்தைக் கெடுக்காமல் அளவு மாற்றும் டிரான்ஸ்ஃபார்ம் மாஸ்க்கும் ஃபில்டர் லேயரும் உண்டு. இரண்டு படம் கலந்தால் போதும் என்பவருக்குக் கைப்பேசியில் ஸ்னாப்சீடின் இரட்டைப் பதிவுக் கருவியே போதும்.

2.10 காலத்துப் பைத்தான் 2 செருகுநிரல்கள் 3.0-இல் ஓடாது. ஜிமிக் என்ற ஃபில்டர் தொகுப்புக்கு 3.0 வடிவம் இருக்கிறது. 3.0-இன் ஃபில்டர்களோடு சேமித்த எக்ஸ்சிஎஃப் கோப்பைப் பழைய பதிப்பு வைத்திருப்பவருக்கு அனுப்பாதீர்கள். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பாக ஏற்றினாலும் அந்த ஃபில்டர்கள் திருத்தக்கூடிய வடிவில் போகாது.

எழுத்தும் அச்சும்

படத்தில் ஒரு வரி தமிழ் எழுத வேண்டுமானால் இங்கே கவலையில்லை. கொம்பும் காலும் இடம் மாறாமல், ‘ஸ்ரீ’ உடையாமல் வருகிறது. 3.0-இல் எழுத்துக்கு வெளிக்கோடு கொடுத்தபின்பும் சொல்லைத் திருத்தலாம். அந்த ஆளின் கையெழுத்தே கிடைத்தால் அச்செழுத்தைத் தொடவே வேண்டாம். 600 புள்ளியில் ஸ்கேன் செய்து, லெவல்ஸில் தாளை வெள்ளையாக்கி, வெளிச்சமான பகுதியில் மல்டிப்ளை மோடில் வையுங்கள். இருண்ட பகுதியில் வைப்பதானால் இன்வர்ட் செய்து ஸ்கிரீன்.

திரையில் அழகாக இருந்த கோடு அச்சில் காணாமல்போவதுதான் கடைசிப் பொறி. 300 புள்ளியில் மூன்று பிக்சல் என்பது கால் மில்லிமீட்டர். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோட்டுக்கு அது போதும். இருண்ட பரப்பில் வெள்ளைக் கோடு என்றால் இரு பக்கமும் மை பரவி அடைத்துவிடும்; நான்கு பிக்சலுக்குக் குறையாதீர்கள். மேட் தாளில் கறுப்பு அவ்வளவு ஆழமாக வராது, 12 சதவீத எதிரொலி நகல் அதில் கரைந்தே போகும். அந்தத் தாளுக்கு ஒப்பாசிட்டியை 50, 30, 18 என்று உயர்த்துங்கள். அச்சகத்தார் தாளுக்கான வண்ண புரொஃபைல் கொடுத்தால் அதை இமேஜ் மெனுவின் கலர் மேனேஜ்மென்டில் சாஃப்ட் புரூஃப் (அச்சு எப்படி வரும் என்று திரையில் காட்டுவது) புரொஃபைலாகச் சேர்த்து, வியூ மெனுவில் புரூஃப் கலர்ஸை இயக்கிப் பாருங்கள். முகம் இருக்கும் நடுப்பகுதியிலிருந்து ஒரு கையகலத் துண்டை மட்டும் வெட்டி, அதே தாளில் சோதனை அச்சு எடுத்துவிட்டு முழு அளவுக்குப் போங்கள்.